பாக்கி

எங்கள் குடியிருப்பு வாசலை ஒட்டி ஒரு கிராணா கடை இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே பத்து நிமிடம் நின்றால் போதும். ஆரஞ்சு மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்துகொண்டு, "தீஸ் ரூபயே ப்ராப்த ஜாலே" என்று மராத்தியில் கத்தும். முப்பது ரூபாய் வந்து சேர்ந்ததாம். யார் கொடுத்தது என்று பார்த்தால் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், அம்மாவின் போனை டவுசர் பையில் செருகிக்கொண்டு, கொத்தமல்லிக் கட்டோடு ஓடிக்கொண்டிருப்பான். வரும்போது அவன் கையில் காசு இல்லை. போகும்போதும் இல்லை.

வரும்போது இல்லாதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காலம் மாறுகிறது, மாறட்டும். போகும்போது இல்லாததுதான் உறுத்துகிறது. விருதுநகரில் என்னைக் கடைக்கு அனுப்பும்போது அம்மா சொல்லும் கடைசி வாக்கியம் ஒன்றுதான்: "பாக்கிய எண்ணி வாங்கிட்டு வா." பருப்பை நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு எனக்கு இல்லை, விலை கேட்கும் பொறுப்பும் இல்லை. பாக்கி மட்டும் என் பொறுப்பு. கடையிலிருந்து வீடு வரைக்கும் உள்ளங்கைக்குள் வியர்த்துக்கொண்டே வரும் அந்தச் சில்லறைதான் நான் எழுதிய முதல் கணக்கு. வீட்டில் அதைக் கொட்டியதும் அம்மா ஒரு விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவாள். நாலணா குறைந்தால் என்ன வாங்கித் தின்றேன் என்று சொல்ல வேண்டும். தின்றதற்குத் திட்டு கிடையாது, சொல்லாமல் விட்டால்தான் திட்டு. தணிக்கை என்றால் என்ன என்று பிற்பாடு அலுவலகத்தில் கற்றுக்கொண்டபோது, இதற்கு முன்னால் பார்த்த ஆள்போல இருந்தது.

இப்போது சரியாக முப்பது ரூபாய் போகிறது, சரியாக முப்பது ரூபாய்க்குப் பொருள் வருகிறது. மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. மிஞ்சாத இடத்தில் குழந்தையிடம் எதைக் கேட்பது?

பாக்கி என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புனேக்கு வந்த பிறகுதான் அதை நான் நின்று பார்த்தேன். தமிழில் அது இரண்டு பக்கமும் வெட்டும். "பாக்கி குடுங்க" என்றால் எனக்கு வர வேண்டிய மீதி. "பாக்கி இருக்கு" என்றால் நான் கொடுக்க வேண்டிய கடன். மூலம் அரபி, எஞ்சி நிற்பது என்று பொருள். நாங்கள் இருக்கும் கோந்த்வாவில் பாதித் தெருக்களில் உருது பேசுகிறார்கள். அங்கே அல் பாக்கி என்பது இறைவனின் பெயர்களில் ஒன்று, எல்லாம் போன பிறகும் இருப்பவன். மராத்தியிலோ கழித்தல் கணக்குக்கே வஜாபாக்கி என்று பெயர். மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து அந்தச் சொல்லைக் கொண்டுவந்து போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வஜா நம் ஊர்த் தாலுகா ஆபீசில் வரி வஜா என்று வாழ்ந்துகொண்டிருக்கிற சொல், பாக்கி மளிகைக் கடையில் வாழ்ந்துகொண்டிருக்கிற சொல். இரண்டும் இங்கே ஒரு குழந்தையின் கணக்கு நோட்டில் சேர்ந்து நின்றன. வஜா போக பாக்கி. இதைவிடத் தெளிவாகக் குடும்ப பட்ஜெட்டை யாரும் சொல்லிவிட முடியாது.

சொல்லின் இரண்டாவது பொருளும் எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருந்தது. இருபதாம் தேதிக்கு மேல் அம்மா காசு தர மாட்டாள்; நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டைத் தருவாள். கடையில் அதை நீட்டி, "அம்மா நோட்டுல எழுதிக்கச் சொன்னாங்க" என்று சொல்ல வேண்டும். நாலு பேர் நிற்கும்போது அதைச் சொல்வது லேசான காரியமில்லை. கூட்டம் குறையட்டும் என்று உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கடைக்காரர் அண்ணாச்சி காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுதுவார். ஒன்றாம் தேதி அப்பா போய்த் தீர்த்துவிட்டு வந்ததும் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்ப்பதற்காகவே நோட்டைத் திறந்து பார்ப்பேன். மாத முதலில் சில்லறையும் மாதக் கடைசியில் நோட்டுமாக, இரண்டு பாக்கியையும் சுமந்தது என் கைதான்.

அதற்காக அந்தக் காலத்தைக் கோயிலாக்க எனக்கு விருப்பமில்லை. கடை நோட்டு குழந்தைக்குத் தெரிந்தது, பெரிய பாக்கி தெரியாது. அப்பா இறந்த பிறகு பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கியபோது, அதற்குக் கீழே அடகு ரசீதுகள் இருந்தன. பதினோரு ரசீதுகள். என் கல்லூரிக் கட்டணத் தேதியும் ஒரு ரசீதின் தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்த வருடம் நான் ஒரு புதுக் கைக்கடிகாரம் கேட்டு வாங்கியிருந்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். பெரியவர்கள் பணம் பேசும்போது பிள்ளைகளை வெளியே விளையாடப் போகச் சொல்லும் வீடு எங்களுடையது. அநேகமாக உங்களுடையதும். பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாது என்று மறைக்கிறோம். முப்பது வயதில் அந்தப் பிள்ளை செய்தித்தாளைத் தூக்கிப் பார்க்கும் என்று யோசிப்பதில்லை.

பள்ளிக்கூடம் என்ன சொல்லிக்கொடுத்தது? சஞ்சாயிகா. மாணவர்களே நடத்தும் சிறுசேமிப்பு வங்கி. தனி பாஸ்புக் உண்டு. இன்டர்வல் மணியில் வரிசையில் நின்று ஐம்பது காசு போடுவோம். அக்டோபர் 30 உலக சிக்கன நாள். 1924-ல் மிலான் நகரில் சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் முடிவானது 31-ஆம் தேதிதான். 1984-ல் இந்திரா காந்தி சுடப்பட்டது அதே நாளில் என்பதால் இந்தியாவில் ஒருநாள் முன்னால் தள்ளிவைத்தார்கள். பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி வந்து விழும். ஊரே கடன் வாங்கித் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் சிறுதுளி பெருவெள்ளம் என்று கட்டுரைப் போட்டி எழுதுவோம். எறும்பு, தேனீ, ஒரு குறள் - இந்த மூன்றும் இல்லாமல் பரிசு கிடைக்காது. கடன் என்ற சொல்லை அந்தக் கட்டுரைகளில் நான் எழுதியதாக ஞாபகமில்லை. சேர்த்துவைக்கிற பாக்கி பற்றி மட்டும் பேசுவோம். மடித்த நோட்டு வீட்டில் இருக்கும்.

இன்றைய ஏற்பாடும் கிட்டத்தட்ட அப்படித்தான். பத்து வயதானால் குழந்தை தன் பெயரில் தானே கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-ல் வழிவிட்டது, 2025 ஏப்ரலில் அதை மறுபடி சீராக்கி எழுதியது. நல்ல காரியம். அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: சிறுவர் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க விடக் கூடாது, எப்போதும் வரவுப் பக்கமே நிற்க வேண்டும். வங்கியின் நோக்கில் அது சரி, குழந்தையிடம் போய் யார் கடன் வசூலிப்பது? ஆனால் குழந்தையின் நோக்கில் பணம் என்பது மேலே மட்டும் போகிற ஒரு பொருளாகிவிடுகிறது. பதினெட்டு முடிந்த மறுநாளே கைபேசியில் கடன் தருகிறவர்கள் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். எட்டு வருடம் ஒரு பக்கம் மட்டுமே பார்த்த பிள்ளை அவர்கள் முன்னால் போய் நிற்கிறது.

வங்கி என்றதும் எங்கள் சாலையைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இதற்கு என்.ஐ.பி.எம். ரோடு என்று பெயர். ஆட்டோக்காரரிடம் "என்ஐபிஎம்" என்று சொன்னால் போதும், இறக்கிவிடுவார். என்ன என்று கேட்டால் "நாலெழுத்து, அவ்வளவுதான்" என்பார். தேசிய வங்கி மேலாண்மைக் கழகம் அது. 1969-ல் ரிசர்வ் வங்கி முன்னின்று தொடங்கியது. பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமையான அதே வருடம். நாடெங்கிலுமிருந்து வங்கி அதிகாரிகள் வந்து கடன் கொடுப்பதையும் வாராக்கடன் ஆகாமல் காப்பதையும் மரநிழலில் படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த மதிலிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்துக்குள் எங்கள் குடியிருப்பு. அதன் இரண்டாம் மாடியில், மாதம் ஐந்தாம் தேதி, ஆபா (உருதுவில் அக்கா) வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பெண்களின் பிஷி நடக்கிறது.

பிஷி என்றால் நம் குலுக்கல் சீட்டு. மராத்திக்காரர்கள் பிஷி என்பார்கள், ஆபா பீசி என்பார். ஆளுக்கு 2,000 ரூபாய், பன்னிரண்டு பேர், 24,000. ஆபா ஒரு பழைய பள்ளி நோட்டிலிருந்து ஒரே தாளைக் கிழித்து பன்னிரண்டு துண்டாக்குவார். தாள் மாறினால் விரல் கண்டுபிடித்துவிடுமாம். உருதுவில் சில பெயர்கள், மராத்தியில் சில, என் பெயரை மட்டும் நான் தமிழில் எழுதுவேன். நாலாக மடித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, மூன்று தரம் குலுக்கி, கூட்டத்தில் இருப்பதிலேயே சின்னக் குழந்தையைக் கூப்பிடுவார். என் மகள் ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரை சீட்டெடுத்தாள். பிறகு ஒரு நாலு வயதுக்காரி அந்தப் பதவிக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு இவள் முகம் விழுந்ததைப் பார்த்து ஆபா, "பேட்டா, இனிமே நீ ஹிசாப் எழுது" என்று நோட்டைக் கொடுத்தார். பதவி உயர்வு.

எங்கள் ஊரில் நடப்பது ஏலச்சீட்டு. யாருக்கு அவசரமோ அவர் தள்ளிக் கேட்பார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பங்காகும். ஒருவரின் அவசரம் இன்னொருவரின் லாபம். அம்மா இருபத்தைந்தாயிரம் சீட்டை எடுத்தபோது கையில் வந்தது பத்தொன்பதாயிரம். மீதியைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. ஆபாவின் பீசியில் தள்ளு கிடையாது. வட்டி இஸ்லாத்தில் ஆகாது, அதனால் அந்த வாசலே இல்லை. போட்டது போட்டபடி வரும். முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது மட்டுந்தான் கேள்வி.

அந்த முன்னும் பின்னும்தான் விஷயம். முதல் மாதம் சீட்டு விழுந்தவள் 2,000 போட்டு 24,000 எடுத்துக்கொண்டு போகிறாள். அவளுக்கு இது கடன். மீதி 22,000-ஐப் பதினோரு மாதம் கட்ட வேண்டும். கடைசி மாதம் விழுந்தவளுக்கு இது முழுக்கச் சேமிப்பு. நடுவில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அது, கொஞ்சம் இது. டப்பா ஒன்று, பணம் ஒன்று, ஒருத்திக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, இன்னொருத்திக்கு வர வேண்டிய பாக்கி. மகள் நோட்டில் இதை எழுத ஆரம்பித்த மூன்றாவது மாதம் என்னிடம் வந்து, "அம்மா, பானு ஆன்ட்டிக்கு நாம கடன் குடுத்திருக்கோமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எறும்பும் தேனீயும் இந்தக் கேள்வியைக் கேட்கவைத்திருக்காது.

(பானு உண்மைப் பெயரில்லை. மாற்றியிருக்கிறேன்.)

ஆபாவின் பீசியைப் பின்பற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது, ஆபாவின் முகம்தான் ஜாமீன். போன வருடம் ஒருத்தி இரண்டாம் மாதம் எடுத்துவிட்டு ஐந்தாம் மாதம் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. அடுத்த ஐந்தாம் தேதி ஆபா அவள் பெயருக்கு நேராகத் தன் இரண்டாயிரத்தை வைத்தார். குழந்தைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆபா, நீங்க ஏன் குடுக்கிறீங்க?" என்று மகள் கேட்டாள். "அவளை உள்ளே கூட்டிவந்தது யார்? நான்தானே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. டப்பா மறுபடி மூன்று தரம் குலுங்கியது. ஏழு மாதம் அந்தப் பெயருக்கு நேராக ஆபாவின் பணம். மகள் அந்த ஏழு வரிகளைச் சிவப்புப் பேனாவில் எழுதியிருக்கிறாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ரசீதும் பத்திரமும் இருந்தால் மட்டும் நிம்மதியா என்றால், இதே புனேயில் ரூபாய் கூட்டுறவு வங்கி என்று ஒன்று இருந்தது. 1912-ல் தொடங்கியது. 2013-ல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. போட்டவர்கள் தங்கள் பணத்தையே அளந்து எடுக்க வேண்டியதாயிற்று. 2022-ல் உரிமம் ரத்தானது. நூற்றுப் பத்து வருடம், பெயரே ரூபாய். வைப்புத்தொகைக் காப்பீடு ஐந்து லட்சம் வரை உண்டு என்ற செய்தியை ஊரே அப்போதுதான் படித்தது. 2020 வரை அது ஒரு லட்சந்தான். குழந்தைக்கு வங்கிக் கணக்கு தொடங்கும் நாளில் இதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பயமுறுத்த இல்லை. வங்கியில் போட்ட பணமும் ஒரு பாக்கிதான், வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். பாஸ்புக்கை அண்ணாச்சியின் நோட்டைத் திருப்பிப் பிடித்தது மாதிரி வாசிக்க வேண்டும்.

கடி மிஷின் சௌக் என்று பக்கத்தில் ஒரு சந்திப்பு. ஜல்லி உடைக்கும் இயந்திரத்தின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. அங்கே ஒரு பஞ்சர் கடையில் தினமும் இரவு எட்டு மணி வாக்கில் பிக்மி ஏஜெண்ட் வந்து நிற்பார். 1928-ல் உடுப்பிப் பக்கம் சிண்டிகேட் வங்கிக்காரர்கள் வாசல் வாசலாகப் போய் தினம் இரண்டணா வாங்கத் தொடங்கிய முறை. அந்த வங்கி 2020-ல் கனரா வங்கியில் கரைந்துவிட்டது; பிக்மி என்ற பெயர் மட்டும் மகாராஷ்டிரத்தில் பத்சன்ஸ்தா எனும் கடன் சங்கங்களில் நடமாடிக்கொண்டிருக்கிறது. கிரீஸ் கையோடு அப்பா தலையசைக்க, பையன்தான் கல்லாவைத் திறந்து ஐம்பது ரூபாயை எடுத்துத் தருவான். வியாபாரமே ஆகாத மழை நாளிலும் ஏஜெண்ட் வந்து நின்று, "ஆஜ் நஹி?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்தக் கேள்வி அந்தப் பையன் காதில் விழுகிறது. நம் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. மாதத் தவணை நள்ளிரவில் தானாகப் போய்விடுகிறது.

என் பாட்டி பிடி அரிசி பற்றிச் சொல்வாள். விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி 1889-ல் தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி. வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டுவைப்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு. அள்ளியதிலிருந்து ஒரு பிடி திரும்பிப் போவதை இடுப்புக் குழந்தைகூடப் பார்க்கும். வீட்டில் அரிசி தட்டிப்போன நாளில் அந்தப் பானையிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. "அது நம்மளது இல்லையே" என்றாள். பானை நம் அடுப்படியில்தான் இருக்கிறது, ஆனால் அரிசி ஊருடையது. அது சேமிப்பா, கடனா என்று அவளுக்குப் பெயர் தெரியாது. வாரம் ஒருதரம் ஆள் வந்து பானையைக் கவிழ்த்துக்கொண்டு போகும்வரை அது பாக்கி.

எங்கள் வீட்டில் போன ஆடி மாதத்திலிருந்து ஒரு பழக்கம். பெரிய திட்டம் எதுவுமில்லை. ஒன்றாம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் கணவரும் போனைத் திறந்து, என்ன வந்தது, என்ன போகும் என்று சத்தமாகச் சொல்கிறோம். வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருடம் என்று கேட்டதும் மகள் தன் வயதோடு கூட்டிப் பார்த்து, "அப்ப எனக்கு இருபது ஆயிருக்கும்" என்றாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எனக்கும் சங்கடம்தான். சம்பளத்தை ஒன்பது வயதுக் குழந்தைக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வது துணி மாற்றும்போது கதவு திறந்தது மாதிரி இருந்தது. இரண்டாவது மாதம் பழகிவிட்டது. மூன்றாவது மாதம் அவள் ஷூ கேட்டாள், வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு முன்னால் அடுத்த மாதம் என்று தானே தள்ளிவைத்துக்கொண்டாள். இதில் நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால் முழுதாக இல்லை. குழந்தை கொஞ்சம் சீக்கிரமே பெரியவளாகிறாளோ என்ற பயம் அன்று இரவு தூங்கவிடவில்லை. பதினோரு ரசீதுகளை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கூடவே, வாரத்தில் ஒருநாள் அவளிடம் போனுக்குப் பதில் நோட்டாகப் பணம் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறேன். போன வியாழக்கிழமை நூறு ரூபாய் கொடுத்தேன். தயிர், கொத்தமல்லி, ஒரு சோப்பு, ஆக 87. கடைக்காரர் கல்லாவைக் கிளறிப் பார்த்துவிட்டு, சில்லறை இல்லை, பாக்கி நாளைக்கு வாங்கிக்கோ என்று அனுப்பிவிட்டார். பெட்டி கத்துகிற கடைகளில் இப்போது யாரும் சில்லறை வைத்துக்கொள்வதில்லை. வெறுங்கையோடு வந்து நின்றாள். கை வெறுமையாக இருந்தது, ஆனால் முகத்தில் புதிதாக ஒரு பாரம். "பதிமூணு ரூபா. அவருக்கு ஞாபகம் இருக்குமா?" சாப்பிடும்போது ஒருதரம் கேட்டாள், விளக்கணைத்த பிறகு ஒருதரம். எனக்குத் தெரியாது என்றேன். எழுந்து போய்த் தன் நோட்டில் எழுதிவைத்துவிட்டு வந்து படுத்தாள்.

மறுநாள் பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் நேராகக் கடைக்குப் போனாள். ஒரு பத்து ரூபாய் நாணயம், ஒரு இரண்டு, ஒரு ஒன்று. ஸ்கேல் வைத்து அந்த வரியின் குறுக்கே கோடு போட்டாள். எட்டிப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, தேதியோடு: அம்மா பாக்கி 40. போன மாதம் ஆட்டோவுக்குச் சில்லறை இல்லாமல் அவள் உண்டியலிலிருந்து எடுத்தது. நான் மறந்தே போயிருந்தேன்.

"எப்பத் தருவே?" என்றாள்.